‘பித்தப்பைக் கல்’ என்று சொல்லிவிட்டு எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கமாகத் தருகிறேன்.

பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. கல்யாணத்தன்று 58 கிலோ இருந்தாராம். திருமணமாகி எட்டு ஆண்டுகள், குழந்தை இல்லை. பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பைக் கோளாறு இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சாப்பிட்டும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஹெச்.பி.ஏ1சி) 8.9-இல் நிற்கிறது. நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. அடுத்த அறைவரை கேட்கும் குறட்டை. பேலியோ, ஜிம், கொள்ளுக்கஞ்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. “ஒவ்வொரு தடவையும் எட்டு கிலோ இறங்கும், பதினொரு கிலோ ஏறும்” என்று எழுதுகிறார்.

கோவையில் ஓர் அறுவை நிபுணர் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை செய்யலாம் என்று சொல்லி, 3.75 லட்சம் ரூபாய் ஆகும் என்றிருக்கிறார். கணவருக்குச் சம்மதம். ஆனால் ‘வாயைக் கட்டத் துப்பில்லாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள்’ என்று நாத்தனார்கள் பேசுவார்களே என்று பயம். அதனால் மாமியார் உட்பட எல்லோரிடமும் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று சொல்லிவிடத் திட்டம். ஐந்து நாள் லீவு, பிறகு வழக்கம்போல வேலை. காப்பீட்டு ஏஜெண்டும் அதற்கு ஒத்து ஊதியிருக்கிறார்: “இது அழகு சிகிச்சைங்க, கிளெய்ம் வராது. வேற பேர்ல போட்டுக்கலாம்.” பெற்ற தாயோ, 2024-இல் சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்த செய்தியைச் சொல்லி அழுகிறார். இப்போது வந்திருக்கும் ஊசி போதாதா, ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் கர்ப்பம் தரிக்கலாமா, மறுபடி 58 கிலோ ஆகிவிடுவேனா என்பவை அவருடைய மற்ற கேள்விகள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கேள்வியாக இல்லாமல், இப்படி ஒரு பத்தி: “ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு சமையல் ரூமில் லைட் போடாமல் நின்றுகொண்டே மிக்சர் சாப்பிடுவேன். டப்பா மூடியைச் சத்தமில்லாமல் திறக்கப் பழகிவிட்டேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது.”

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கத்தி பிடிக்கிறவன் இல்லை. சர்க்கரை நோய் பார்க்கும் பொது மருத்துவன். இந்த அறுவைக்குப் போகிறவர்களை அதற்கு முன்பும், அதற்குப் பிறகு மூன்றாம் வருடம் ஐந்தாம் வருடமும் என் மேசைக்கு எதிரில் பார்க்கிறவன். நீங்கள் செய்துகொள்வதால் எனக்கு லாபமும் இல்லை, செய்யாததால் நஷ்டமும் இல்லை.

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 41.7 வருகிறது. இந்திய நிபுணர்கள் பரவலாகப் பின்பற்றிவந்த அளவுகோலின்படி, கூடவே நோய் இருந்தால் 32.5-க்கு மேலும், நோயே இல்லாவிட்டாலும் 37.5-க்கு மேலும் அறுவையை யோசிக்கலாம். நம் உடம்பில் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால், மேலைநாட்டுக்காரர்களைவிட நமக்குக் கோடு கீழே. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துவிட்டீர்கள். ஆகவே ‘எனக்கு இது தேவையா’ என்ற சந்தேகத்தை ஒதுக்கி வைக்கலாம். எது, எப்போது, எப்படி என்பதுதான் மிச்சம்.

‘வாயைக் கட்டினால் போதாதா?’

உங்களைச் சுற்றி எல்லோரும் சொல்வது இது. நீங்களும் பாதி நம்புகிறீர்கள் என்று கடிதம் சொல்கிறது. எட்டு இறங்கிப் பதினொன்று ஏறுவதற்குக் காரணம் உங்கள் நாக்கு மட்டும் இல்லை. எடை வேகமாகக் குறையும்போது உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. எரிக்கும் கலோரியைச் சுருக்கும், பசியைத் தூண்டும் ஹார்மோன்களைக் கூட்டும். மாதக்கணக்கில் அந்தப் பசியோடு மல்லுக்கட்டி ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள். 104 கிலோவில் அவர்கள் மிகக் குறைவு.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சமிருப்பது ஒரு வாழைக்காய் அளவுக் குழாய். போன பகுதி திரும்ப வராது. இடம் சிறுத்ததால் மட்டும் எடை குறைவதில்லை. கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான். அதனால்தான் “சோத்தைப் பார்த்தாலும் ஒண்ணும் தோணலை டாக்டர்” என்று முதல் சில மாதங்கள் ஆச்சரியப்படுகிறார்கள். சில மாதங்கள் என்று சொல்வதைக் கவனியுங்கள். பசி மெல்ல மெல்லத் திரும்பும். அது திரும்பும் முன் சாப்பாட்டுப் பழக்கம் மாறியிருக்க வேண்டும்.

58 கிலோ கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்லீவில் சராசரியாக மொத்த எடையில் கால் பங்கு, இரைப்பையைக் குடலோடு இணைக்கும் ‘பைபாஸ்’ என்ற இன்னொரு அறுவையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். உங்கள் கணக்கில் 104 என்பது 73-க்கும் 80-க்கும் நடுவில் எங்கோ வந்து நிற்கும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் மிகக் குறைந்த எடையைத் தொடுவீர்கள்; அப்புறம் சில கிலோ ஏறும். சுவீடனில் 1987-இல் தொடங்கி நாலாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு இரண்டாம் வருடம் 23 சதவீதம் குறைந்திருந்த எடை, இருபதாம் வருடம் 18 சதவீதக் குறைவாக நின்றது. அவையெல்லாம் அந்தக் காலத்து முறைகள்தான், ஆனாலும் போக்கு இதுதான். என் மேசைக்கு முன்னால் அழுதவர்களில் பாதிப் பேர் அறுவை தோற்றதால் அழவில்லை. 76 கிலோவில், மாத்திரை பாதியாகி, மூன்று மாடி ஏறுகிற உடம்போடு, கல்யாண ஃபோட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள். கூடவே வயிற்றிலும் மேல்கையிலும் தோல் தொங்கும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நெஞ்செரிச்சலைச் சாதாரணமாக விடாதீர்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது தினமும் காலையில் போடும் அந்த மாத்திரைதான். ஸ்லீவ் செய்த பிறகு அமிலம் மேலே ஏறுவது சிலருக்குப் புதிதாக வரும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மோசமாகலாம். எரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்குப் பல நிபுணர்கள் ‘ரூ-என்-ஒய்’ பைபாஸைத்தான் சொல்வார்கள். அதில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை மாதிரி பிரித்து, சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். சர்க்கரைக் கட்டுப்பாட்டிலும் அது கொஞ்சம் முன்னால் நிற்கிறது. பதிலுக்கு வைட்டமின் குறைபாடு அதிகம். தித்திப்பு சாப்பிட்டால் படபடத்து, வியர்த்து, வயிற்றுப்போக்காகும் ‘டம்ப்பிங்’ தொல்லை உண்டு. இணைத்த இடத்தில் புண் வரலாம். வருடங்கள் கழித்துக் குடல் சிக்கிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது.

உங்களுக்கு எது என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எண்டோஸ்கோபி செய்தார்களா என்று கடிதத்தில் இல்லை. உணவுக்குழாயில் புண், இரைப்பை மேலேறிய ஹெர்னியா, ஹெச். பைலோரி கிருமி மூன்றையும் பார்த்த பிறகுதான் எந்த அறுவை என்ற பேச்சே. “எனக்கு நெஞ்செரிச்சல் இருக்கே, அப்படியும் ஏன் ஸ்லீவ்?” என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லச் சங்கடப்படும் நிபுணரிடம் போக வேண்டாம்.

சர்க்கரை ‘குணமாகிவிடும்’ என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 150 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஐந்தாவது வருட முடிவில் மூன்று மாதச் சராசரியை 6 அல்லது அதற்குக் கீழே வைத்திருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்தில் மட்டும் இருந்தவர்களில் 5 சதவீதம். மருந்தோடு ஒப்பிட்டால் எட்டாத உயரம். ஆனால் நூற்றுக்கு நூறு இல்லை. உங்களுக்கு நோய் வந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன, இன்சுலின் தொடங்கவில்லை. இந்த இரண்டும் உங்களுக்குச் சாதகமானவை.

ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. ஒன்றரை வருடம் தொடர்ந்தால் முதலாவதில் சராசரியாக 20 சதவீதம் வரையிலும் இரண்டாவதில் 15 சதவீதத்தை ஒட்டியும் எடை குறைந்ததைப் பெரிய ஆய்வுகள் காட்டின. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதைவிடச் சற்றுக் குறையும். நல்ல மருந்துகள்தான், நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் நிறுத்தினால் குறைந்ததில் பெரும்பகுதி ஒரு வருடத்தில் திரும்புகிறது. அதோடு, நீங்கள் குழந்தைக்குக் காத்திருப்பவர். கர்ப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே வெகோவியை நிறுத்தியாக வேண்டும்; மவுஞ்சாரோவுக்கும் இடைவெளி தேவை. அறுவைக்கு மனம் ஒப்பவில்லையென்றால் அது தாராளமாக ஒரு வழி. கத்தி வேண்டாம் என்பதற்காக மட்டும் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் இடமாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவின் பயம்

அவர் சொல்லும் செய்தி பொய்யில்லை. அரசு குழு விசாரித்தது. அவசர நிலையைச் சமாளிக்கப் போதிய வசதி இல்லை என்று கண்டு, அந்த மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. உங்கள் அம்மாவிடம் ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள். 2009-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 4,776 பேரில் முதல் 30 நாளில் இறந்தவர்கள் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். அனுபவமுள்ள இடங்களில் இன்று இது இன்னும் குறைவு. பெரிய வயிற்று அறுவை எதற்கும் உள்ள அபாயம்தான். ஆனால் அந்த எண்ணிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவும் இரவில் ஓடிவரும் மயக்க மருத்துவரும் உள்ள இடத்துக்கான எண்ணிக்கை.

ஆகவே ‘பேக்கேஜ் எவ்வளவு’ என்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? ராத்திரி இரண்டு மணிக்குத் தையலில் கசிவு என்றால் யார் வருவார்? வென்டிலேட்டரோடு ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா? குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை செய்வீர்களா? கடைசியாகச் சொன்னது உங்களுக்கு முக்கியம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு மயக்க மருந்தின்போதும் அதற்குப் பிந்தைய இரவிலும் அபாயம் கூடுதல். முன்பே தெரிந்தால், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சி-பாப் கருவி வைத்துச் சமாளிக்கலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னாலேயே இவற்றைக் கேளுங்கள். அழுகை அப்படித்தான் குறையும். சென்னையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. பணம்தான் தடையென்றால் அங்கேயும் விசாரிக்கலாம்.

ஒப்புதல் கையெழுத்து உங்களுடையது. கணவர் கையெழுத்தும் வேண்டும் என்று மருத்துவமனைகள் கேட்பதுண்டு, போட்டால் தவறில்லை. ஆனால் விவரம் தெரிந்த, வயதுவந்த ஒருவருக்குப் பதிலாக உறவினர் சம்மதிக்க முடியாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெற்ற தாய் கொடுத்த சம்மதமே அந்த வழக்கில் செல்லவில்லை.

வேறு பெயரில் கிளெய்ம் வேண்டவே வேண்டாம்

ஏஜெண்ட் சொன்னதில் இரண்டு தவறு. இது அழகு சிகிச்சை இல்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எனும் காப்பீட்டு ஆணையம் 2019-இல் விலக்குகளை வரையறுத்தபோது, எடைக்குறைப்பு அறுவையைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. மருத்துவர் பரிந்துரை வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவை இருந்தாலும் போதும். சாதாரண வழிகளில் முயன்று எடை குறையவில்லை என்பதும் தெரிய வேண்டும். நீங்கள் இதற்குள் வருகிறீர்கள். சில பாலிசிகளில் இதற்கென்று தனிக் காத்திருப்புக் காலமோ உச்சவரம்போ இருக்கும். பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நீங்களே படியுங்கள். ஜிம் ரசீது, டயட் சீட்டு, பழைய எடைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, முன் அனுமதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதலாம்; அதிலும் ஆகாவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

பித்தப்பை என்று போட்டால் அது மோசடி. மாட்டினால் பாலிசியே போகும். மாட்டாவிட்டால் இன்னும் கெடுதல்: உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத ஓர் ஆபரேஷன் இருக்கும், செய்த ஆபரேஷன் இருக்காது. வேகமாக எடை குறைகிறவர்களுக்கு நிஜமாகவே பித்தப்பையில் கல் வரும். அதைத் தடுக்க ஆறு மாதம் மாத்திரை கொடுப்பதும் உண்டு. வலியோடு நீங்கள் போகும்போது, ‘பித்தப்பைதான் எடுத்தாச்சே’ என்று டியூட்டி டாக்டர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

முதல் ஆறு வாரம்

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் கலோரி குறைந்த திரவ உணவு. கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் இரைப்பையின் மேல் படுத்திருக்கும். அது சுருங்கினால்தான் லேப்ராஸ்கோப்பிக்கு இடம் கிடைக்கும். அந்த நாட்களில் கிளிமிப்ரைடைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவீர்கள். இதை உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் தேதி சொல்லிப் பேசிவிடுங்கள். அறுவைக்குப் பிறகும் அப்படித்தான். பலருக்கு அந்த மாத்திரை மறுநாளிலிருந்தே தேவைப்படாது.

பிறகு ஒன்றிரண்டு நாள் தெளிந்த நீர், இரண்டு வாரம் வடிகட்டிய திரவம், இரண்டு வாரம் கூழ், அப்புறம் குழைவாக. இது சீட்டில் எழுதித் தருவது. வீட்டில் எப்படி இருக்கும் என்று ஒருவரை வைத்துச் சொல்கிறேன். பல்லடத்துப் பக்கம் ஓர் அம்மா, நாற்பது வயதிருக்கும். மருத்துவமனையில் கொடுத்த மருந்து மூடியில் தண்ணீர் குடிக்கச் சலிப்பாக இருக்கிறது என்று, பெட்டியிலிருந்து தன் மகனுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்துவந்தார். இரண்டு வாரம் தண்ணீர், மோர், பருப்புத் தண்ணீர் எல்லாம் அதில்தான். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கீழே வைத்துவிடுவார். மடமடவென்று குடித்துப் பழகிய கைக்கு அது கடிவாளமாக இருந்தது. ஏழாவது வாரம் ஓர் இட்லி சாப்பிட அவருக்கு அரைமணி நேரம் ஆனது. பொடியாகக் கிள்ளி, சாம்பாரில் நனைத்து, கூழாகும்வரை மெல்ல வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சுக்குழியில் கல் வைத்த மாதிரி அடைக்கும். வாயில் நுரைநுரையாக எச்சில் வரும். வாந்தி எடுத்தால்தான் விடும்.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரைமணி நேரம் கழித்துத்தான். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். முட்டை, மீன், பனீர், சுண்டல், பருப்பு முதலில். இடம் மிஞ்சினால் சோறு. நம் தட்டை அப்படியே தலைகீழாகக் கவிழ்ப்பது இது. குழைந்த சோறும் தோசையும் உருண்டு அடைத்துக்கொள்ளும். ஆனால் மிக்சர், ஐஸ்கிரீம், பால்கோவா தடையே இல்லாமல் இறங்கும். அதனால்தான் இருட்டில் நின்று சாப்பிடும் அந்தப் பழக்கத்தைச் சொல்லியிருக்கிறீர்களே என்று எனக்கு நிம்மதி. அது குணக்கேடு இல்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கத்தியால் அதை எடுக்க முடியாது. அறுவைக்கு முன் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்வார்கள். பலர் அதைச் சான்றிதழ் வாங்கும் சடங்காக நினைத்து, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டுவிட்டு வருகிறார்கள். நீங்கள் எனக்கு எழுதிய அந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அறுவையைச் சில மாதம் தள்ளிப்போட நேர்ந்தாலும் பரவாயில்லை.

நான்காம் மாத வாக்கில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பயந்துபோய் எண்ணெய் மாற்றாதீர்கள், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதமும் இரும்பும் போதுமா என்று பாருங்கள். பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ‘ஆபரேஷன் பண்ணினால் மாத்திரையெல்லாம் நின்றுவிடும்’ என்று எழுதியிருந்தீர்கள். நிற்பது சர்க்கரை மாத்திரை, வருவது இவை. 3.75 லட்சத்தில் இவற்றின் செலவும் வருடாந்திர ரத்தப் பரிசோதனையும் இல்லை.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். முதல் சில வாரங்களில் நாடித்துடிப்பு விடாமல் 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம், தணியாத வயிற்றுவலி, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனை. இரண்டாவது, இரண்டு மூன்று நாளாக எதுவுமே தங்காமல் வாந்தி. ‘வாயு’ என்று சோடா குடித்துக்கொண்டிருந்தால் தயமின் என்ற பி1 சத்து தீர்ந்து, கண் பார்வை இரண்டாகி, நடை தள்ளாடி, மூளையே பாதிக்கப்படும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போட வேண்டும். இது தெரியாத இடத்தில் உங்களுக்காகச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குழந்தை

ஆறு மாதத்தில் வேண்டாம். எடை சரிந்துகொண்டிருக்கும்போது குழந்தைக்குப் போகும் சத்தும் சரியும். 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். 36 வயதாகிவிடுமே என்ற தவிப்பு புரிகிறது. ஆனால் 8.9 சர்க்கரையோடு இன்றே கருத்தரிப்பது அதைவிட ஆபத்து; கருவின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் வாரங்களிலேயே அது விளையாடிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காத்திருக்கச் சொல்லும் அந்தக் காலத்தில்தான் கரு உண்டாவது எளிது. பத்துப் பதினைந்து கிலோ குறைந்ததுமே கருமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கும். ‘எட்டு வருஷமா ஆகாதது இப்பவா ஆகப்போகுது’ என்று அசட்டையாக இருந்து மூன்றாவது மாதத்தில் வந்து நின்றவர்கள் உண்டு. காப்பர்-டி மாதிரி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பைபாஸ் என்றால் வாய்வழி மாத்திரையை நம்ப முடியாது.

யாருக்குத் தெரிய வேண்டும்

இனி அந்தப் பித்தப்பைக் கதை. உங்கள் உடம்பைப் பற்றி ஊருக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. நாத்தனார்களுக்கோ ஆபீசுக்கோ ‘வயிற்றில் ஓர் ஆபரேஷன்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். கல்யாணப் பந்தியில் ‘என்ன, இலையில வெச்சது அப்படியே இருக்கு’ என்று கேட்பவருக்கு ‘வயிறு சரியில்லைங்க’ போதும்.

ஆனால் பித்தப்பை எடுத்தவர் பத்தாம் நாள் இட்லி சாப்பிடுவார். நீங்கள் பாலாடையில் மோர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று மாதத்தில் இருபது கிலோ குறைவீர்கள். பித்தப்பைக்கு அப்படி ஆகாது என்று உங்கள் மாமியாருக்கே தெரியும். புற்றுநோயோ என்று பயந்து ஜாதகம் தூக்கிக்கொண்டு ஓடுவார். இதற்கு நடுவில் தட்டில் வைத்ததை யாரும் பார்க்காதபோது கொட்டுவீர்கள், அடைத்த வாந்தியைக் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் எடுப்பீர்கள். இத்தனை வருடம் ஒளித்துச் சாப்பிட்டீர்கள். இனி சாப்பிடாததை ஒளிக்கப் போகிறீர்கள். டப்பா மூடி மட்டும்தான் மாறியிருக்கும்.

மகப்பேறு மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். இங்கே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். பைபாஸ் ஆனவருக்கு அதைக் கொடுத்தால் டம்ப்பிங் வந்து சுருண்டுவிடுவார், வேறு முறையில் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் டைக்ளோஃபெனாக் எழுதும் எந்த மருத்துவருக்கும் தெரிய வேண்டும். அந்த வகை மாத்திரை சின்ன இரைப்பையில் ஓட்டை போட்டுவிடும். மருந்துக்கடையில் ‘மேல்வலி மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் வழக்கம் இத்தோடு சரி. பர்ஸில் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்: என்ன அறுவை, எந்தத் தேதி, எந்த மருத்துவமனை.

அப்புறம், உங்கள் வீட்டில் சமைக்கிறவருக்குத் தெரிய வேண்டும். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: தினமும் இரவு ‘மாத்திரை போட்டியா’ என்று கேட்பது மாமியார்தான் என்று. அந்த ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். அறுவைக்கு நாள் குறித்த பிறகு வேண்டாம், அதற்கு முன்பே, கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நியாயம் கேட்பதுபோல் இல்லாமல் உதவி கேட்பதுபோல் ஆரம்பியுங்கள்: “அத்தை, சர்க்கரைக்கும் எடைக்கும் சேர்த்து வயித்துல ஒரு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். ரெண்டு மாசம் நீங்கதான் எனக்குப் பருப்புத் தண்ணி வடிகட்டித் தரணும்.”